கைவிடப்பட்ட மகளிர் பிரிவு

"வீட்டுக்காரர் செத்துப் போயிருந்தா ஒரு பிரிவு இருக்கு. விட்டுட்டு ஓடியிருந்தா ஒரு பிரிவு இருக்கு. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குன்னு ஒண்ணும் இல்லையேம்மா."

அலுவலக எழுத்தருக்கே இதைச் சொல்லும்போது கூச்சமாக இருந்தது. கெட்ட மனிதர் அல்லர். தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மனு கொடுக்க வந்த அவளை உட்காரச் சொன்னவர்தான். ஆனால் திட்டம் அப்படித்தான் இருந்தது. சொந்தமாகத் தொழில் செய்ய நினைக்கும் பெண்களுக்கு அரசாங்கம் மாவு அரைக்கும் இயந்திரம் கொடுத்தது. கணவன் உள்ளவள் என்றால், சம்பாதிக்கிற அந்தக் கணவன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். கணவன் இல்லாதவளுக்கு ஜாமீன் தேவையில்லை. கணவன் இருந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தால் என்ன செய்வது என்று திட்டம் எழுதியவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை. உலகத்தில் இருக்கிற துன்பத்தை எல்லாம் யாரால்தான் யோசித்து முடிக்க முடியும்?

வீட்டுக்கு வந்து அவள் நடந்ததை ஒப்பித்தாள். அவள் கணவன் லாரி ஓட்டியவன். மலைப்பாதையில் லாரி உருண்டதில் அவன் முதுகெலும்பு போயிற்று. ஓட்டுவதற்கு லாரி இல்லாமல் போன பிறகும் தெருவில் அவனை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளை டிரைவர் பெண்டாட்டி என்றார்கள். அவள் நாலு வீட்டில் பாத்திரம் கழுவிக் கொண்டுவருவதில்தான் அவனும் அவளும் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும் சாப்பிட வேண்டும்.

"அப்ப ஓடிப் போயிட்டேன்னு எழுதிடு" என்றான் டிரைவர். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஓடினவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

"வாயைக் கழுவுங்க."

"விளையாட்டுக்குச் சொல்லலடி. நான் உயிரோட இருந்து உனக்கு என்ன பிரயோஜனம்? ஓடிப் போனாலாவது ஒரு மிஷின் கிடைக்குதில்ல?"

எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்த அக்காதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். "இவன் இருந்தும் இல்லாதவன்தானே. இதுல என்ன பொய் இருக்கு?" என்றாள் வாசலில் நின்றபடி.

"அக்கா, எனக்குக் கால்தான் போச்சு. காது நல்லா கேக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேக்கட்டும்னுதாண்டா சத்தமா சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒரு குடும்பம் பிழைக்க வேண்டும் என்று நாலு நல்ல மனிதர்கள் சேர்ந்து சொன்ன சின்னப் பொய்.

இயந்திரம் முதல் ஒரு வருஷம் அரசாங்கத்தின் பேரில் இருக்கும். மேற்பார்வை செய்கிற அம்மா மாதாமாதம் வந்து பார்ப்பார். சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் வருஷக் கடைசியில் இயந்திரம் அவள் பேருக்கு மாறும். ஏதாவது பொய் என்று தெரிந்தால் வண்டி வந்து திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அந்த மேற்பார்வை அம்மாவை மேடம் என்று அழைத்தார்கள். கொஞ்சம் பருத்த உடம்பு. மாடிப்படி இல்லாத வீட்டிலும் மூச்சு வாங்கும். முதல் முறை அவர் வருகிறார் என்று தெரிந்ததும் டிரைவரைப் பாயோடு பின்னறைக்கு இழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பியதிலிருந்து பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு பழைய போர்வை திரையாகத் தொங்கியது. 'இருமல் வந்தா துணியை வாயில வெச்சுக்கோங்க' என்று அவள் சொல்லியிருந்தாள். 'கணவர் போய் ரெண்டு வருஷமாச்சு, எங்கே போனார்னு தெரியாது' என்ற அளவுக்கு மட்டும் சொல்வதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

அதைத்தான் அவள் சொன்னாள். மேடம் உடனே அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவர் பேனாவை மூடிவிட்டு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சோப்பும் சாம்பலும் தின்ற விரல்களைத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கை எவ்வளவு பட்டிருக்குமோ" என்றார்.

அப்படி ஒருவர் அவள் கையைப் பிடித்து நெடுநாள் ஆயிற்று. பேசி வைக்காததெல்லாம் வாயில் வர ஆரம்பித்தது.

"முதல் குழந்தை வயித்துல இருந்தப்ப மேடம். ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டேன். அது ஒரு கேள்வியா? குடிச்சிருந்தான். புடிச்சு வெளிய தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டான். கொட்டுற மழை. கதவைத் தட்டித் தட்டி எனக்குக் கை வீங்கிப் போச்சு. அவன் தூங்கிட்டான் மேடம். விடியற வரைக்கும் எதிர்க்கடைல மறைப்புக்குக் கட்டியிருந்த சாக்குக்குக் கீழ உக்காந்திருந்தேன். குளிர்ல வலி வந்துடுச்சு. அந்தப் பையன் ஒரு நாள்கூட இருக்கல."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் இன்னும் சொன்னாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஓடிப் போனான் என்ற ஒன்றைத் தவிர.

மேடம் போன பிறகு அவள் திரையை விலக்கினாள். டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அவன்னு சொன்னே" என்றான்.

"ஆமா."

"இத்தனை வருஷத்துல ஒரு நாளும் சொன்னதில்ல." பிறகு, "நல்லா நடிச்ச" என்றான்.

"நடிச்சேன்னு யாரு சொன்னா?"

அந்த மழை நாளைப் பற்றி அவர்கள் அதற்கு முன் பேசியதே இல்லை. விபத்துக்குப் பிறகு அவன் குடியை விட்டான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறான். ஆனால் தனக்குத் துணி மாற்றிவிடுகிறவளிடம், மாற்றிவிடுகிற அந்த நேரத்தில், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க நல்ல சமயம் ஒன்று வரும் என்று மனிதர்கள் காத்திருக்கிறார்கள். கடவுள் அப்படி ஒரு சமயத்தைத் தனியாக எடுத்து வைப்பதில்லை.

இயந்திரம் வந்து முன்னறையில் நின்றது. பச்சைப் பெயிண்ட் அடித்த உடம்பு, மேலே தானியம் கொட்டும் அகன்ற வாய், உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கல், மாவு விழும் இடத்தில் நீளமான துணிப்பை. ஓட ஆரம்பித்தால் தரை அதிரும். பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. பொருத்திக் கொடுத்த மெக்கானிக் போகும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "வெறும் கல்லை ஓட்டாதீங்கம்மா. உள்ள தானியம் இல்லைன்னா கல்லும் கல்லும் உரசித் தீஞ்சிடும்."

அவள் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். விழுகிற மாவை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்துக் கல்லை இறுக்கவும் தளர்த்தவும் தெரிந்துகொண்டாள். அவரவர் கொண்டுவந்த கோதுமையை அவரவருக்கே அரைத்துக் கொடுத்தாள். ஒருவர் மாவில் இன்னொருவர் மாவைக் கலக்கமாட்டாள் என்று பேர் வந்தது. நாலு தெரு தள்ளியிருந்தும் பெண்கள் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிரைவர் பெண்டாட்டி என்ற பேர் மறைந்து மில்லம்மா என்று ஆனது. பாத்திரம் கழுவப் போவதை நிறுத்தினாள்.

டிரைவர் சும்மா இருக்கவில்லை. அரைக்கிற தானியத்தில் கல் பொறுக்குவது அவன் வேலை. முதுகுக்கு இரண்டு மூட்டையை அணை கொடுத்துச் சாய்ந்துகொண்டு, தட்டை வயிற்றின் மேல் வைத்து, மங்கல் பல்பு வெளிச்சத்தில் பொறுக்குவான். இயந்திரம் ஓடும்போது மட்டும் அவன் பேசலாம், இருமலாம். நின்றுவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வெளித்தெரு ஆட்கள் இருப்பார்கள்.

கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து டீக்கடை அக்கா திரைக்கு அந்தப் பக்கம் டம்ளரை நீட்டுவாள். "ஓடிப் போன மகராசன் இன்னிக்கு எந்த ஊருல இருக்காரு?"

"பக்கத்து ஊருக்கு வந்துட்டேங்க்கா. சாயங்காலம் டீக்கு வந்துடுவேன்."

"வர்றப்ப பாக்கியைக் கொண்டுவா."

அவன் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். மாவுத்தூசி ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் வந்து தங்கிவிடும். அவன் புருவமும் மீசையும் எந்நேரமும் வெள்ளையாக இருந்தன.

அரைக்க வருகிற பெண்கள் காத்திருக்கும்போது பேசுவார்கள். இப்படி உழைக்கிற பெண்ணுக்குப் புருஷன் எங்கே என்று கேட்பார்கள். முதலில் அவள் கீழே பார்த்துக்கொண்டு, "விட்டுட்டுப் போயிட்டான்" என்பதோடு நிறுத்தினாள். அவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பக்கத்துத் தெரு நர்சம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "நீ தைரியசாலிம்மா" என்றார். மில்லம்மாவை அதுவரை யாரும் தைரியசாலி என்று சொன்னதில்லை. படுத்த படுக்கையான புருஷனைப் பார்த்துக்கொள்கிறவளை அது அவள் கடமை என்று விட்டுவிடுகிறார்கள். கைவிடப்பட்டவளுக்குத்தான் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலின் ருசி அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

அவள் மழை நாளைச் சொல்ல ஆரம்பித்தாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொல்வாள். நாலடி தூரத்தில் திரைக்குப் பின்னால் ஒருவன் தட்டில் கையை வைத்தபடி அசையாமல் இருக்கிறான் என்று தெரிந்துதான் சொல்வாள். நேருக்கு நேர் அவனோடு போடாத சண்டை எல்லாவற்றையும் அப்படிப் போட்டாள். அவன் பதில் சொல்ல முடியாது என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் கடை சாத்திய பிறகு டிரைவர் அவளைக் கூப்பிட்டான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? என்னைப் பத்தி நீ என்ன வேணா சொல்லு. குடிகாரன்னு சொல்லு. அடிச்சான்னு சொல்லு. அந்த மழையை மட்டும் சொல்லாத. பொண்ணு வாசல்ல உக்காந்து பாடம் எழுதுது. கேக்குது."

"நடந்ததுதானே?"

"நடந்ததுதான். நான் இல்லைன்னு சொல்லல. அது கொஞ்சம் பெரிசாகட்டும், நானே சொல்லிக்கறேன்."

அவள் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் நர்சம்மா வந்திருந்தார். கேட்காமலேயே மில்லம்மா மழை நாளை எடுத்தாள். அன்றைக்கு இன்னும் விரிவாகச் சொன்னாள். பையனைத் துணியில் சுற்றிக் கொடுத்ததையும், அவன் முகம் யார் ஜாடை என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்துத் திரும்பியபோது மகள் பென்சிலை வாயில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லம்மா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு சுவிட்சைப் போட்டாள். ஒரு மனுஷியின் உள்ளத்தில் நியாயமான கோபமும் கொடுமையும் ஒரே பாயில்தான் படுத்திருக்கின்றன. எது எழுந்து போயிற்று என்று இருட்டில் தெரிவதில்லை.

அன்று மாலை மகள் திரைக்குள் தலையை நீட்டினாள்.

"அம்மா சொன்னது நிஜமா?"

டிரைவர் தட்டைக் கீழே வைத்தான். "நிஜம்."

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தானா?"

"இருந்தான்."

அவள் தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். அதுவரை அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வாயில் ஊற்றுகிறவள் அவள்தான். அடுத்த நாளிலிருந்து சொம்பைத் திரைக்கு இந்தப் பக்கம் வைத்துக் காலால் உள்ளே தள்ளினாள். கொஞ்சம் சிந்தும். மீதியை அவன் கையை எட்டி எடுத்துக் குடித்துக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் விசாரித்தபோது, "எனக்கு அப்பா இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"யார் கேட்டாலும் அப்படித்தானேம்மா சொல்லணும்?" என்று பெருமையாகக் கேட்டாள்.

"ஆமாம். கெட்டிக்காரி" என்றாள் தாய்.

உள்ளே தட்டில் கல் விழுகிற சத்தம் சற்று நின்று, மறுபடி கேட்டது.

வருஷக் கடைசி வந்தது. பேர் மாற்றிக் கொடுக்கிற அன்று மேடத்தோடு பெரிய அதிகாரி ஒருவரும் வந்தார். மெலிந்தவர், நல்ல சட்டை. மாவு ஒட்டிவிடும் என்று உட்காராமல் நின்றார். இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். அன்று யாரும் அரைக்க வரவேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கடை துடைத்துச் சுத்தமாக இருந்தது. மூட்டை, டின், தானியம் எல்லாவற்றையும் பின்னறையில் டிரைவரைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அவனுக்குக் கையை நீட்டக்கூட இடம் இல்லை.

"நம்ம திட்டத்துல இவங்கதான் சார் முதலிடம்" என்றார் மேடம். "ஆம்பளைத் துணை இல்லாம தனியா நின்னவங்க."

அதிகாரி மகளைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, அப்பா எங்க?"

"ஓடிப் போயிட்டாரு."

"அடடா. திரும்பி வந்துட்டா என்ன பண்ணுவே?"

இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சிறுமி யோசித்தாள். தாயைப் பார்த்தாள். "வர வேண்டாம்" என்றாள். "வந்தா கதவைச் சாத்திடுவேன்."

அதிகாரி, "அப்படிப் போடு!" என்று சத்தமாகச் சிரித்தார். மில்லம்மாவும் சிரிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் உள்ளே இருமல் கேட்டது.

முதலில் ஒரு சின்னச் செருமல். பிறகு அடக்க அடக்க மீறி வருகிற இருமல். அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் திரைப் பக்கம் திரும்புவதற்குள் மில்லம்மா எட்டிச் சுவிட்சைத் தட்டினாள்.

"மிஷின் ஓடறதைப் பாருங்க சார்!"

தரை அதிர்ந்தது. உள்ளே ஒரு மணி தானியம் இல்லை. கல்லும் கல்லும் உரசிப் பல்லைக் கூச வைக்கும் சத்தம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். இந்தச் சத்தத்துக்கு நடுவிலும் மில்லம்மாவுக்கு இருமல் கேட்டது. வழக்கமான இருமல் இல்லை அது. மூச்சு உள்ளே போகாமல் திணறுகிற சத்தம். மூட்டைகளை நெருக்கி அடுக்கியது அவள்தான். காற்று போக வழி விடவில்லை என்று அவளுக்குத் தெரியும். சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே ஓடினால் அவனுக்கு மூச்சு கிடைக்கும், மில் போய்விடும். அவள் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அணைக்கவில்லை. கையெழுத்து ஆகட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றாள்.

மேடத்துக்கு மில் சத்தம் பழக்கம். வெறும் கல் ஓடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. அதிகாரியைக் கையமர்த்திவிட்டு, தானியம் எடுத்துவரப் போகிறவர்போல் நேரே நடந்து திரையை விலக்கினார்.

மூட்டைகளுக்கு நடுவில் முகமெல்லாம் மாவாக ஒரு மனிதன் கிடந்தான். வாய்க்குள் ஒரு துணியைத் தானே திணித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். கண் பிதுங்கி நீர் வழிந்து மாவில் கோடு போட்டிருந்தது. அவரைப் பார்த்ததும் கைகளை வாயிலிருந்து எடுத்தான். எடுத்துக் கும்பிட்டான்.

மேடம் ஒரு வருஷமாகக் கேட்ட கதை முழுவதும் அந்த ஒரு பார்வையில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் குனிந்து அவன் வாயிலிருந்த துணியை உருவினார். தலைமாட்டில் அழுத்திக்கொண்டிருந்த மூட்டையை மூச்சு வாங்க வாங்க இழுத்துத் தள்ளினார். அவன் வயிற்றின் மேலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பொறுக்கி வைத்த கோதுமையை இயந்திரத்தின் வாயில் கொட்டினார். உரசல் அடங்கியது. கல் தானியத்தைக் கடிக்கிற பழைய சத்தம் வந்தது.

"இப்ப சரியா ஓடுது சார்" என்றார்.

"உள்ள யாரு?" என்று அதிகாரி வாயசைத்தார்.

"மூட்டைங்கதான் சார்."

அதிகாரி கையெழுத்துப் போட்டார். இயந்திரம் மில்லம்மாவுடையது ஆயிற்று. புகைப்படம் எடுத்தார்கள். அவர் வண்டியில் ஏறப் போன பிறகு மேடம் ஒரு நிமிஷம் பின்தங்கினார். எப்போதும் போகும்போது மில்லம்மாவின் கையைப் பிடித்துவிட்டுத்தான் போவார். அன்று பிடிக்கவில்லை.

"கல்லு தீஞ்சிருக்கு. கொத்தாம அரைச்சா மாவுல கல்லுத்தூள் வரும். ஆள் அனுப்பறேன்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "இனிமே நாங்க யாரும் வர மாட்டோம்மா. அவரை வெளிச்சத்துல படுக்க வை" என்றார்.

மில்லம்மா காலில் விழப் போனாள். அதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார்.

கல் கொத்தி முடிந்த மறுநாள் காலையில் டீக்கடை அக்காவும் மில்லம்மாவும் சேர்ந்து டிரைவரைப் பாயோடு தூக்கி வந்து முன்னறையில், வாசல் ஓரமாகப் போட்டார்கள். அவன் தெருவைப் பார்த்தான். சைக்கிள்களைப் பார்த்தான். வெயில் முகத்தில் விழுந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அக்கா, உங்க கடையில இவ்வளவு கூட்டமா? பாக்கியைக் கேக்காம இருக்கலாமே" என்றான்.

"வாடா வா. வந்ததும் வராததுமா" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

முதலில் அரைக்க வந்தவர் நர்சம்மா. வெளியூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். டின்னை இறக்கி வைத்துவிட்டுப் பாயைப் பார்த்தார்.

"யாரும்மா இவரு?"

மில்லம்மாவின் வாய் திறந்தது. மில் இப்போது அவளுடையது. உண்மையைச் சொன்னால் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் இந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டவர். தைரியசாலி என்று சொன்னவர். அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"வேலைக்கு வெச்சிருக்கேன். கல்லு பொறுக்க" என்றாள்.

டிரைவரின் விரல் தட்டில் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு கல்லை எடுத்துச் சுண்டிப் போட்டது.

"ஐயோ பாவம். காலு வராதா?" நர்சம்மா அவனருகில் உட்கார்ந்துவிட்டார். அது அவர் சுபாவம். "எவ்வளவு நாளா இப்படி ஒரே மாதிரியா படுத்திருக்கீங்கண்ணா? யாராவது திருப்பி விடறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே தோளையும் இடுப்பையும் பிடித்து லேசாகப் புரட்டினார். சட்டையை விலக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார். இடுப்பு எலும்பின் மேல் புண் வைத்திருந்தது. மூட்டை அழுத்திய இடம். "இது இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. பயப்படாதீங்க." சொம்புத் தண்ணீரை வாங்கிக் கழுவினார். தன் பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்து வைத்துக் கட்டினார். ஒரு காலிச் சாக்கை மடித்து முதுகுக்கு அணை கொடுத்து, காற்று வருகிற பக்கமாக அவனைத் திருப்பி வைத்தார். அவருக்கு அவன் யாரோ. அதனால்தான் அவ்வளவு அன்பாகச் செய்ய முடிந்தது.

"உங்களுக்குன்னு யாரும் இல்லையாண்ணா?"

"இல்லைங்க" என்றான் டிரைவர். அவன் மனைவியைப் பார்க்கவில்லை. "இந்தம்மாதான் பாத்துக்கறாங்க. நல்லவங்க."

"அது எனக்குத் தெரியாதா?" என்று நர்சம்மா எழுந்து மில்லம்மாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "நீ பட்டதுக்கு இன்னொருத்தியா இருந்தா ஆம்பளைங்களையே வாசல்ல சேத்திருக்க மாட்டா. அரைச்சு வைம்மா, சாயங்காலம் வர்றேன்."

அவர் போய்விட்டார். மில்லம்மா நர்சம்மாவின் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சாக்கு அணை ஒரு பக்கம் நழுவியிருந்தது. போய்ச் சரி செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கூலிக்காரன் என்று சொன்ன வாயோடு அவன் பக்கத்தில் போய் எப்படிக் குனிவது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்ற மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆளுங்க இருக்கறப்ப நான் அவரை என்னன்னு கூப்பிடணும்?"

மில்லம்மா, "யாரும் இல்லாதப்ப என்னன்னு கூப்பிடறே?" என்றாள்.

"நான்தான் கூப்பிடறதே இல்லையே" என்றாள் சிறுமி. அதில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

மில்லம்மா டின்னின் மூடியைக் கீழே வைத்தாள். வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பரவால்ல விடு. பேரு என்ன பேரு" என்றான் டிரைவர். புதிதாகத் திருப்பி வைத்ததில் தட்டு அவன் வயிற்றில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்தால் பொறுக்குவதற்குக் கை இல்லை. "பாப்பா, பள்ளிக்கூடத்துக்கு நேரம் இருந்தா இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா? கோதுமை கொட்டிடும்."

சிறுமி தாயைப் பார்த்தாள். தாய் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் பையைக் கழற்றவில்லை. பாயின் ஓரத்தை மிதிக்காமல் சற்றுத் தள்ளியே மண்டியிட்டு, கையை மட்டும் நீட்டி, தட்டின் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.